அந்தோனியம்மாள் வாங்கிய மெதுவான பெட்டி

சிங்கப்பூரின் தோ பாயோவில் எட்டாவது மாடியில் குடியிருந்த அந்தோனியம்மாளிடம் "உன்னால முடியாது" என்று முதலில் சொன்னவர் அவளைப் பெற்ற அப்பாதான். எழுபத்தொன்றாம் வருஷம், பதினாறு வயதில், ஜூரோங்கில் ஒரு ரேடியோ தொழிற்சாலைக்குச் சூடு வைத்து ஈயம் ஒட்டப் போனாள். புகை கண்ணைக் கரிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், ஒரு மாதம் தாங்க மாட்டாய் என்றார் அப்பா. அவள் பன்னிரண்டு வருஷம் தாங்கினாள். அதற்குள் சவரிராஜைக் கல்யாணம் செய்தாள், வீடு வாங்கினார்கள், மாமியார் பிலோமினம்மாளும் கூடவே வந்து இருந்தார்.

அடுத்து சொன்னவர் ஒரு சூப்பர்வைசர். எண்பத்து மூன்றில் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுத்தது. கம்ப்யூட்டர் தன் நினைவையெல்லாம் எழுதிவைக்குமே, உள்ளே தட்டு சுழலும் அந்த இரும்பு டப்பாதான் டிஸ்க். பிரைமரி ஆறோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு டெஸ்டிங் வேலை வராது என்றார் அவர். அந்தோனியம்மாள் ஒரு மரச் சாப்ஸ்டிக்கின் ஒரு முனையை டப்பாவின் மேல் வைத்தாள், மறுமுனையைக் காதில் வைத்தாள். மெஷின் அரை மணி நேரம் கழித்துச் சொல்லப்போகும் கோளாறை அவள் அரை நிமிஷத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த லைனில் அவளுக்கு 'டோனி' என்று பெயர் விழுந்தது. சீனத்திகளும் மலாய்ப் பெண்களும் டோனி, டோனி என்று கூப்பிட்டால், யாரோ ஒரு ஆம்பிளை இருக்கிறான் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்.

பக்கத்து மேசையில் கதீஜா. வாயாடி. நாலு மாடி ஏறி இறங்கி எல்லாருடைய சாப்பாட்டையும் ருசி பார்த்துவிட்டு வருகிறவள். எண்பத்தாறில் வேலைக்கு வரும் வழியில் லாரி இடித்தது. உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே மிஞ்சவில்லை. பிடோக்கில் அண்ணன் வீட்டு ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு உலகம் என்று ஆயிற்று. ஜன்னலில் தெரிவதோ எதிர் புளோக்கில் துணி காயும் மூங்கில் கழிகள்.

அந்தக் கட்டிலுக்குத்தான் கோட்டை வந்தது. வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த வடிவேலு என்ற இளைஞர் தன் வீட்டில் ஒரு விளையாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போன் போட்டால், மோடம் என்கிற பெட்டி சீட்டியடித்துக்கொண்டே அவருடைய கம்ப்யூட்டரோடு பேசும். படமெல்லாம் கிடையாது, வெறும் எழுத்து. 'நீ கோட்டை வாசலில் நிற்கிறாய். வடக்கே ஒரு பாலம்' என்று ஆங்கிலத்தில் வரும். வடக்கே போ என்று அடித்தால் பாலத்தில் இருப்பாய். அதே நேரம் வேறு ஒருவரும் போன் போட்டிருந்தால் அவரையும் பாலத்தில் பார்க்கலாம், பேசலாம், சேர்ந்து போகலாம். கதீஜாவின் அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டிலுக்கு மேலே பலகை போட்டு வைத்துக் கொடுத்தார். அந்தோனியம்மாள் தன் வீட்டில் சவரிராஜ் வாங்கிய சின்னக் கம்ப்யூட்டரில் டோனி என்ற பெயரில் நுழைந்தாள். இருவரும் வாரத்துக்கு நாலு நாள் கோட்டைக்குள் அலைந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு நடந்தேன் தெரியுமா? காலு வலிக்குது லா" என்று கதீஜா போனில் சொல்லிச் சிரிப்பாள். அந்தோனியம்மாளும் சிரிப்பாள்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கோட்டை வாசலில் ஓர் அறிவிப்பு வந்தது. வடிவேலுவுக்கு ஹாங்காங்குக்கு மாற்றல். ஈஸ்டர் முடிந்ததும் கோட்டை மூடப்படும்.

அந்தோனியம்மாள் அன்றே அவருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கோட்டையை மூடாதீங்க. நான் எடுத்துக்கிறேன். என் வீட்டுல ஓட்டுறேன்."

"நீங்க யாரு?"

"டோனி."

"டோனியா? டோனி... லேடியா?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது டிவி மாதிரி சுவிட்ச் போட்டா ஓடுற சாமான் இல்ல. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"டிஸ்க் டெஸ்ட் பண்றேன். உங்க மெஷின்ல இருக்கிற டிஸ்க்கு என் கையை தாண்டித்தான் வந்திருக்கும்."

"டெஸ்ட் பண்றது வேற, ஓட்டுறது வேற அக்கா. அரைகுறையா ஓடி அடிக்கடி நின்னா பேரு எனக்குத்தான் கெடும். அதைவிட நானே மூடிட்டுப் போயிடலாம்."

"எத்தனை நாள் நிக்காம ஓடினா நம்புவீங்க?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ வேண்டுமென்றே சொன்னாரோ, "ஒன்பது நாள்" என்றார். "ராத்திரி பகல், ஒரு தடவைகூட நிக்கக் கூடாது. தினம் சாயங்காலம் எட்டு மணிக்கு நானே போன் போட்டுப் பாப்பேன். ஓடிடுச்சுன்னா கோட்டையோட தலைச் சாவிச்சொல்லை, அதான் பாஸ்வேர்டை, உங்ககிட்ட கொடுத்துட்டுப் போறேன். இல்லன்னா மூடுறேன்."

"சரி. ஒன்பது நாள்."

மறுநாளே என்னென்ன வாங்கவேண்டும் என்று ஒரு பட்டியலும் அனுப்பினார். புதிதாக வந்த வேகமான டூ எய்ட்டி சிக்ஸ் கம்ப்யூட்டர், கலர் திரை, இருப்பதிலேயே வேகமான மோடம் இரண்டு. இதற்குக் குறைந்தால் கோட்டை நொண்டும் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

அந்தப் பட்டியலோடு அந்தோனியம்மாள் ரோச்சோர் கால்வாய்க்கு எதிரே இருந்த எலெக்ட்ரானிக்ஸ் கட்டடத்தில் ஹனீபா பாயின் கடைக்குப் போனாள். நாகூர்க்காரர். கடையில் மனிதர் நிற்க இடமிருக்காது, பெட்டிமேல் பெட்டியாக அடுக்கியிருப்பார். பட்டியலைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எழுதினவரு விஷயம் தெரிஞ்சவரு, தங்கச்சி. இதோ, நேத்துதான் இறங்குச்சு. காரு மாதிரி பறக்கும்."

"எங்க பறக்கணும் பாய்?"

"என்ன?"

"போன்ல ரெண்டு பேரு, வீட்டுல நானு, மொத்தம் மூணு பேரு எழுத்து அடிக்கப்போறோம். ஒரு மனுஷி எவ்வளவு வேகமா அடிப்பா? நான் தட்டினா நிமிஷத்துக்கு இருபது வார்த்தை. கதீஜா படுத்துக்கிட்டே அடிக்கிறா, பத்து. அந்தப் பத்து வார்த்தையைக் கொண்டுபோக உங்க ரேஸ் காரு எதுக்கு?"

ஹனீபா பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்ப என்னதான் வேணும்?"

அவள் பட்டியலைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் தன் பட்டியலைச் சொல்லச் சொல்ல, பாய் எழுதினார். மெதுவான பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டர் போதும். மெமரி மட்டும் கழுத்து வரைக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும், மூன்று பேர் உள்ளே நின்றால் மூன்று பேரையும் அது ஞாபகம் வைத்திருக்கவேண்டுமே. கறுப்பில் பச்சை எழுத்து வரும் திரை. மோடம் இரண்டும் வேகத்தில் நடுத்தரம், ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

"வேகமான மோடம் வாங்கினா நாளைக்கு உதவுமே" என்றார் பாய்.

"பிடோக்ல இருக்கிற மோடம் மெதுவானது. நான் ஓடி, அவ நடந்தா எங்க சேருவோம்?"

பாய் மோடத்தையும் அப்படியே எழுதிக்கொண்டார். டிஸ்க் என்று வந்தபோது புத்தம்புதிதாக உறை பிரிக்காத ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தோனியம்மாள் கைப்பையிலிருந்து சாப்ஸ்டிக்கை எடுத்தாள். பாய் அதைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை. கரன்ட் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இது சளி பிடிச்ச மாதிரி மூச்சு விடுது. அடுத்தது."

இரண்டாவதையும் வேண்டாம் என்றாள். மேல் தட்டில் யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பழைய டிஸ்க் ஒன்று தூசியோடு கிடந்தது. அதைக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"இதைக் கொடுங்க."

"அது யூஸ் பண்ணது, தங்கச்சி! புதுசை விட்டுட்டு..."

"எங்க லைன்ல எழுபத்திரண்டு மணி நேரம் சூட்டுல ஓட விடுவோம், பாய். சாகுறது எல்லாம் அதுக்குள்ள செத்துடும். புதுசு இன்னும் அந்தச் சூட்டையே பாக்கல. இது ஒரு வருஷம் ஓடியிருக்கு, தொண்டை சுத்தமா இருக்கு."

ஹனீபா பாய் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு, "அந்தக் குச்சியைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கித் தன் காதிலும் வைத்துப் பார்த்தார்.

இப்படியாகப் பெட்டி தோ பாயோ போய்ச் சேர்ந்தது. விளையாட்டுக்கென்று இரண்டு போன் லைன் வந்தது. ஹாலில் மாதா படம் இருக்கும் சுவரை ஒட்டி, தையல் மெஷின் இருந்த இடத்தில் அதை வைத்தார்கள். வடிவேலு ஒரு மாலையில் வந்து கோட்டையை அதில் ஏற்றினார். பச்சை எழுத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"நான் கொடுத்த லிஸ்ட் எங்க அக்கா?"

"பின்பக்கம் இருக்கு."

"பாக்கலாம் லா" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை எண்ணிக்கை தொடங்கியது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாளும் பெட்டி மூச்சுப் பிசகாமல் ஓடியது. அந்தோனியம்மாளுக்கு அப்போது மதிய ஷிப்ட். மூன்று மணிக்குப் போனால் வீட்டுக்கு வரப் பதினொன்று ஆகிவிடும். திங்கட்கிழமை வந்தபோது சவரிராஜ் கதவைத் திறந்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நின்னுபோச்சு. ஜெபம் முடிஞ்சு பாக்குறேன், எழுத்து அப்படியே நிக்குது. வடிவேலு போன் பண்ணிட்டாரு. மறுபடி போட்டுவிட்டேன்."

செவ்வாய்க்கிழமையும் அதே. ஏறக்குறைய அதே நேரம். புதன் காலையில் கதீஜா கூப்பிட்டாள்.

"அக்கா, நான் கோபுரப் படியில ஏறிட்டிருந்தேன். பாதியில நின்னுட்டேன். என்ன அடிச்சாலும் அசைய முடியல." வழக்கமான சிரிப்பு வரவில்லை. "படியிலயே கிடந்தேன்கா. கொஞ்சம் பயமா இருந்துச்சு."

அவள் போனை வைத்ததும் வடிவேலு கூப்பிட்டார். "நான்தான் சொன்னேன்ல அக்கா. பழைய டிஸ்க், பழைய மெஷின். வீட்டுல டம்ளர் வாங்குற மாதிரி வாங்கிட்டீங்க."

"மெஷின் மேல தப்பு இல்ல, தம்பி."

"ரெண்டு நாள் நின்னுடுச்சு. இன்னும் என்ன?"

"தப்பு இருந்தா எந்நேரமும் நிக்கும். சாயங்காலம் மட்டும் நிக்குதுன்னா, மெஷினுக்கு மணி பாக்கத் தெரியுமா?"

அன்று லைனில் கூட வேலை பார்த்த ரத்தினம்மாவிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். மாலையில் வீட்டிலேயே இருந்து ஒரு நாற்காலியைப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். லைட்டைப் பார்த்தாள், கரன்ட்டைப் பார்த்தாள், கையை வைத்துச் சூடு பார்த்தாள். ஆறு மணி, ஏழு மணி. ஒன்றுமில்லை.

ஏழரைக்கு ஜெபமாலை. மாமியார் பிலோமினம்மாள் அத்தை ஜெபமாலைக்கு முன்னால் அலமாரியைத் திறந்தார். இயேசு பட்ட பாடுகளை நினைக்கும் பாடுகளின் வாரம் வந்துவிட்டால் அந்த வீட்டில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். ஈஸ்டர் இரவுப் பாஸ்காவுக்குத்தான் திறப்பார்கள். கோயிலில் பழக்கம் தளர்ந்தாலும் அத்தையிடம் தளரவில்லை. ஞாயிற்றுக்கிழமையே மாதாவுக்கும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கும் துணி போட்டாயிற்று. இப்போது அலமாரியிலிருந்து எடுத்தது இன்னொரு ஊதாத் துணி. கெட்டிச் சாட்டின். அதை விரித்து, திரையையும் பெட்டியையும் சேர்த்து மூடினார். ஓரங்களைப் பெட்டியின் பின்பக்கக் காற்றாடித் துளைக்குள்ளே செருகி, பக்கத்து ஓட்டைகளையும் இறுக்கி, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல் தட்டிவிட்டார்.

அந்தோனியம்மாளின் கை ஜெபமாலையில் அப்படியே நின்றது.

அவள் துணியைத் தொடவில்லை. டெஸ்டர் என்றால் சந்தேகம் வந்ததும் எதையும் மாற்றிவிடக் கூடாது, கோளாறு கண்முன்னால் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஜெபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் மூன்றாவது நடக்கும்போது எட்டித் தொட்டாள், சோற்றுப் பானை போலக் கொதித்தது. ஐந்தாவதில் உள்ளே காற்றாடி முனகியது. மன்றாட்டுமாலை முடிந்ததும் அத்தை துணியை எடுத்து நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். திரையில் பச்சை எழுத்து அசையாமல் நின்றது.

"அத்தை, அந்தத் துணியை ஏன் போட்டீங்க?"

"என்ன கேள்வி இது? மாதாவே முகத்தை மூடிக்கிட்டு இருக்காங்க. இந்தப் பேய்க்கோட்டை மட்டும் ஜெபத்தை முறைச்சுப் பாக்கணுமா? திங்கக்கிழமைதான் எனக்கு உறைச்சுது."

"அது மூச்சு விடணும் அத்தை. பின்னால மூக்கு இருக்கு, பக்கத்துல மூக்கு இருக்கு. நீங்க எல்லா மூக்கையும் அடைச்சிருக்கீங்க."

"அரை மணி நேரம் மூச்சு அடக்கினா ஒண்ணும் ஆகாது. நான் நாப்பது வருஷமா தவக்காலத்துல ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருக்கேன், செத்தா போயிட்டேன்?"

சவரிராஜ் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்தான்.

"துணி போடக்கூடாதுன்னு நான் சொல்லல" என்றாள் அந்தோனியம்மாள். "ஆனா அது மேல போடக்கூடாது."

"மேல போடாம வேற எங்க போடுறது? என் தலையிலயா? அந்தோனி, நான் உயிரோட இருக்கிற வரைக்கும் பாடுகள் காலத்துல இந்த வீட்டுல அது தொறந்து கிடக்காது."

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நிக்காது, அத்தை."

இருவரில் ஒருவராவது இறங்கி வருவார் என்று அந்தப் புளோக்கில் யாரும் நம்பமாட்டார்கள். அந்தோனியம்மாள் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றை உள்ளே இழுத்தாள். இரண்டு நாற்காலிகளைப் பெட்டிக்கு ஓர் எட்டு முன்னால் போட்டு, முதுகுகளின் மேல் கழியைக் குறுக்கே வைத்து, அத்தையின் ஊதாத் துணியை அதில் தொங்கவிட்டாள். துணிக்கு இந்தப் பக்கம் ஜெபம். அந்தப் பக்கம் பெட்டி, தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டு.

அத்தை இடப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். வலப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை.

"துணி சுருக்கமா இருக்கு" என்றார். "நாளைக்கு இஸ்திரி போட்டுத் தொங்க விடு."

அந்தோனியம்மாள் பெட்டியை மறுபடி ஓட விட்டுவிட்டு, உடனே வடிவேலுவைக் கூப்பிட்டாள். "தம்பி, கோளாறு கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு வியாழன், அது முதல் நாள்."

"அக்கா, மூணு தடவை நின்னாச்சு. விட்டுடுங்க லா."

"ஒன்பது நாள்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"எந்த ஒன்பதுன்னு நீங்க சொல்லல. ஈஸ்டருக்கு முன்னால இன்னும் ஒரு ஒன்பது இருக்கு. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். "பெரிய வெள்ளியோட முடியுது" என்றார் கடைசியில். "அன்னைக்கு நேர்ல வர்றேன்."

மறுநாள் முதல் துணி இஸ்திரி போட்டுத் தொங்கியது. அந்தோனியம்மாள் ஷிப்டுக்குப் போகுமுன் கழியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் மறந்து போய்விட்டாள். தொழிற்சாலையில் ஞாபகம் வந்து, வீட்டுக்குப் போன் போட்டாள். பிலோமினம்மாள்தான் எடுத்தார். "நான் எப்பவோ கழியை வச்சுட்டேன். நீ உன் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

குருத்து ஞாயிறு போயிற்று, பெரிய வியாழன் போயிற்று. எட்டு நாள் ஆகியிருந்தது. பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் ரேடியோ ஓடாது, டிவி ஓடாது. சவரிராஜ் பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவான். கோயிலுக்குக் கிளம்பும்போது அத்தை கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றார். அந்தோனியம்மாள் செருப்பை ஒரு காலில் மாட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பேசுமா?"

"பேசாது, அத்தை."

"பாடுமா?"

"இல்ல."

"யாரு இருக்கா உள்ள?"

அந்தோனியம்மாள் இன்னொரு செருப்பையும் மாட்டினாள். இதை இதுவரை அத்தையிடம் சொன்னதில்லை. "நம்ம கதீஜா. கிறிஸ்துமசுக்குக் குவே பலகாரம் கொண்டுவந்து தருவாளே, அவ. உள்ள அவளுக்கு நடக்க முடியும்."

பிலோமினம்மாள் ஊதாத் துணியைப் பார்த்தார், முந்தானையைச் சரிசெய்தார். "அப்ப ஓடட்டும். வா, பீடத்துக்குக் கிட்ட இடம் கிடைக்காது."

அன்று சாயங்காலம் வடிவேலு வந்தபோது வீடு முழுக்க அமைதி. மூங்கில் கழியையும் துணியையும் பார்த்து வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"கம்ப்யூட்டருக்குத் திரைச்சீலையா?"

"செருப்பை வெளிய விடுங்க. அப்புறம் சிரிங்க."

அவர் துணிக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒன்பது நாள் பதிவையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். எட்டும் ஆயிற்று. பெட்டி நிற்கவில்லை.

"ஓடியிருக்கு" என்றார். "ஆனாலும் அக்கா, டூ எய்ட்டி சிக்ஸா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அதுக்கும் துணி போட்டிருப்பாங்க. இன்னும் சூடாகும், இன்னும் சீக்கிரம் நின்னிருக்கும்."

"சரி, அடுத்த மாசம் நின்னா? நான் ஹாங்காங்ல இருப்பேன்."

"நின்னா நான் ஓட வைப்பேன். இனிமே நீங்க எட்டு மணிக்குப் போன் போட வேண்டாம், தம்பி. சாவிச்சொல்லைக் கொடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். கொடுக்காமல் ஒரு நொடி வைத்திருந்தார். அந்தோனியம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. தாள் கை மாறியது.

அவர் லிப்டுக்குப் போனதும் ஒரு லைனில் விளக்கு மினுக்கியது. பிடோக். அந்தோனியம்மாள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கோபுரப் படி, நாற்பதாவது படி, கதீஜா அங்கே இருந்தாள். மேலே போ என்று ஒரு வரி வந்தது. மறுபடி, மேலே போ.

நாற்காலி இழுபடும் சத்தம். அத்தை கழிக்கு அடியில் குனிந்து நுழைந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பச்சை எழுத்தில் ஒன்றும் அவருக்குப் புரியாது.

"எங்க இருக்கா?"

"கோபுரத்துல. ஏறிட்டிருக்கா."

"எத்தனை படி?"

"நூத்தியிருபது."

"நிக்காம ஏறுவாளா?"

"ஏறுவா."

"எண்ணு" என்றார் பிலோமினம்மாள். அந்தோனியம்மாள் தாழ்ந்த குரலில் எண்ண, அத்தை ஒவ்வொரு படிக்கும் தன் ஜெபமாலையில் ஒரு மணி தள்ளிக்கொண்டே வந்தார்.